மாமியாற்றை வளவு

இல்லை மடம், அந்த மேசை வேண்டாம். கதவு திறக்கிற நேரமெல்லாம் குளிர் வந்து காலிலை ஏறும். இஞ்சாலை வாங்கோ, சுவரோடை. ஓம், உந்தக் கதிரையிலை உங்கடை கோட்டைப் போடுங்கோ. பாரிசின்ரை இந்த லா சப்பலிலை ரண்டு பேர் ஆறுதலா இருந்து கதைக்கக்கூடிய கடை இதொண்டுதான், மற்றதுகளிலை கடைசி வாய் வைக்க முதலே துடைக்கிற துணியோடை முதுகுக்குப் பின்னாலை வந்து நிப்பாங்கள். தம்பி, ரண்டு தேத்தண்ணி. மடத்துக்குச் சீனி குறைச்சு. வடை சுடச்சுட இருந்தா கொண்டு வாங்கோ, காலமை வடையெண்டா வேண்டாம்.

இல்லை, மகள் கஜந்தினிக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னோடை ஒரு மாசத்துக்குக் கதைக்க மாட்டாள். அவள் குளிக்கேக்கை அவளின்ரை போனிலை உங்கடை நம்பரை எடுத்தனான். களவுதான், என்ன செய்யிறது. எங்கடை பீரோப் பெரியவ, அந்த வீடு கீறுற கந்தோர்ப் பெரியவ, புதுச்சேரி ஆள், பேர் மர்கரீத், தமிழ் கதைப்பா எண்டு அவள் முந்தி ஒருக்கால் சொன்னது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நான் எங்கை வந்து கதைக்கிறது? என்ரை பிரெஞ்சு ஹோட்டல்லை கட்டில் விரிக்கிற பிரெஞ்சு. விரிப்பு, தலையணி, துவாய், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அதுக்கு மேலை போனா எனக்கு மூச்சு வாங்கும்.

நான் வந்த விசயம் ஒண்டுதான். நாளைக்குக் கூட்டத்திலை அந்த ஆத்தங்கரைக் கிராமத்து வீட்டுத் திட்டத்திலை இருந்து என்ரை பிள்ளையை எடுக்கப் போறியளாம். எடுக்காதேங்கோ. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளக்கம்.

இன்னும் முடிவெடுக்கேல்லையோ? அப்ப நல்லது. அப்ப வடையைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கேளுங்கோ.

பிழை அவளிலை இல்லை மடம். பிழை என்னிலை. இல்லையில்லை, மரியாதைக்குச் சொல்லேல்லை, உண்மையாத்தான். அந்தத் திட்டத்தைக் குழப்பினது நான். வரவேற்பறையிலை இருந்துகொண்டே குழப்பினனான்.

முதலிலையிருந்து சொல்லுறன். ரண்டு வரியத்துக்கு முந்தி இவள் வந்து, அம்மா, கயானாவிலை வீடு கட்டப் போறம் எண்டாள். நான் நினைச்சன் வேறை நாடு எண்டு. இல்லையாம், தென்னமெரிக்காவிலை இருக்காம், ஆனா பிரான்சாம். போனிலை படம் காட்டினாள். முழுக்கப் பச்சை. நடுவிலை ஒரு ஆறு, பழுப்பு நிறத்திலை, ஆறிப்போன தேத்தண்ணி மாதிரி. வீடு எங்கையடி எண்டு கேட்டால் அந்தப் பச்சைக்கை ஒரு புள்ளியைக் காட்டுறாள். பெரிய பிளேன், பிறகு சின்னப் பிளேன், பிறகு மோட்டர் வள்ளம். நான் செய்ன் ஆத்திலை ஓடுற உல்லாசக் கப்பலிலையே ஏறாத மனுசி. அவள் முதல் தரம் போன கிழமை நான் ரண்டு நாள் வேலைக்குப் போகேல்லை. பாம்பு, நுளம்பு, அந்த வள்ளம் பிரளுறது, எல்லாத்தையும் ஒவ்வொண்டா யோசிச்சு முடிச்சுப்போட்டுத் திரும்பவும் முதலிலை இருந்து தொடங்குவன்.

அவள் திரும்பி வந்து கதை கதையாச் சொன்னாள். அங்கை இருக்கிறது அந்த மண்ணின்ரை ஆதிச்சனம். வெள்ளைக்காரன் வர முந்தியே இருந்த ஆக்கள். இப்ப அரசாங்கம் அவைக்கு உதவி செய்து இருபத்துநாலு வீடு கட்டுது, வாடகை வீடில்லை, சொந்த வீடு. மாசம் மாசம் கொஞ்சம் கட்டினால் வீடு அவையின்ரை. ஆனா நிலம் ஊருக்குப் பொது. துண்டு போடேலாது, விக்கேலாது. நான் சரியாத்தானே சொல்லுறன்? பாத்தியளே, எனக்கு விளங்கியிருக்கு. எட்டாம் வகுப்போடை நிண்டனான் எண்டாலும் காணி விசயம் எண்டா எங்கடை ஆக்களுக்குக் காது தானா நிமிரும்.

அதுதான் எனக்கு முதல் கரைச்சல். விக்கேலாத வீடு என்னண்டு சொந்த வீடு எண்டு கேட்டன். அவள் சொன்னாள், அம்மா, எல்லாரும் விக்கிறதுக்கு வீடு வாங்கிறேல்லை எண்டு. சரியெண்டு விட்டன். பிறகு அவள் மட்டையிலை செய்து கொண்டந்து எங்கடை சாப்பாட்டு மேசையிலை வைச்ச ஊரின்ரை மாதிரியைப் பாத்தன். இருபத்துநாலு குட்டி வீடும் ரண்டு வரிசையிலை, பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி நேரா நிக்குது. வடிவுதான். ஆனா வேலி இல்லை! ஒண்டுக்குக்கூட இல்லை. வேலி எங்கையடி எண்டு கேட்டன். அவை வேலி போடுறேல்லை அம்மா எண்டாள். என்ரை மனுசன் வாமதேவன், அந்தாள் ஒரு நாளைக்கு நாலு வசனம் கதைக்கிறதே பெரிசு, அவர் எட்டிப் பாத்திட்டுச் சொன்னார், வேலி இல்லாட்டி அதுகள் ஆரோடை கொழுவுறது எண்டு.

சிரிக்கிறியள். உண்மையாத்தான் மடம். எங்கடை ஊரிலை ஒரு முழம் வேலியை அரக்கினதுக்குக் கோடேறி, வழக்குப் பேசின அப்புக்காத்து வீடு கட்டி முடிச்ச கதையெல்லாம் இருக்கு.

அப்ப நான் என்ன செய்தன், அவள் இல்லாத நேரத்திலை ஈர்க்கிலை சின்னனா முறிச்சு ஒரு வீட்டுக்கு மட்டும் வேலி குத்திப் பாத்தன். சும்மா, எப்பிடி இருக்கு எண்டு. ஓ... அதை நீங்களும் கண்டனீங்களோ? கூட்டத்துக்குக் கொண்டு வந்த நேரம் அது அப்பிடியே இருந்ததோ? ஐயோ கடவுளே. அவள் எனக்குச் சொல்லவே இல்லை.

சரி, உது சின்னப் பிழை. பெரிய பிழைக்கு வாறன்.

போன கார்த்திகையிலை உங்கடை பீரோவிலை சூடாக்கி பழுதாப் போச்சு, ஞாபகம் இருக்கே? எல்லாரையும் வீட்டிலை இருந்து வேலை செய்யச் சொன்னனீங்கள். அந்தக் கிழமைதான் அந்த ஊர்ப் பொம்பிளையளோடை கூட்டம். கொம்பியூட்டரிலை. எபினேயிலை எங்கடை வீடு அஷ்லெம் வீடு, அரசாங்கத்தின்ரை மலிவு வாடகை மாடி, ரண்டு அறை. ஒண்டிலை நானும் மனுசனும், மற்றதிலை அவள். அவளின்ரை அறையிலை நெற் இழுக்காது. அப்ப வரவேற்பறையிலை இருந்து கதைக்கிறாள், நான் குசினியிலை. கதவு இல்லாத குசினி. நான் என்ன காதைக் கழட்டி வைக்கிறதே?

அங்கை ஒரு பெரிய கொட்டில், கூரைக்குக் கீழை ஒரு இருபது பொம்பிளையள். நடுவிலை அவை எல்லாருக்கும் மூத்தவ, ரோசாலி எண்டு. பிரெஞ்சு என்னை மாதிரித்தான் அவவுக்கும், பாவம். பக்கத்திலை ஒரு பெடியன், அலெக்சிஸ், முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும், ஊர்ச் சபையிலை எழுதுவினைஞர். அவன்தான் அவவின்ரை பாசையைப் பிரெஞ்சுக்கு மாத்திச் சொல்லுறவன். இவள் கேள்வி கேக்கிறாள், ஒருதரும் வாய் திறக்கினமில்லை. அதுக்கு முந்தி மூண்டு கூட்டமும் அப்பிடித்தானாம். வீட்டைப் பாக்கினம், தலையை ஆட்டினம், கையெழுத்து மட்டும் வைக்கினமில்லை. பிள்ளைக்கு முகம் வாடிப் போச்சு. தாய்க்குப் பொறுக்குமே? ஒரு தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைச்சன். வைக்கேக்கை என்ரை முகம் கொம்பியூட்டருக்குள்ளை தெரிஞ்சிட்டுது.

ரோசாலி கேட்டா, உது ஆர் எண்டு. அம்மா எண்டாள் இவள். அவ்வளவுதான் மடம், அந்த இருபது பேரும் நிமிர்ந்து இருந்தினம். இரு, இரு எண்டு கைகாட்டினம். நானும் இருந்திட்டன், கையிலை கரண்டியோடை.

என்ன கேட்கிறது எண்டு தெரியேல்லை. அப்ப எங்கடை ஆக்கள் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டன்: வீடு ஆற்றை பேரிலை?

இவள் சொன்னாள், குடும்பத் தலைவற்றை பேரிலை எண்டு. மனுசன்மாற்றை பேரிலை. ரோசாலி சிரிச்சா. அந்தப் பெடியன் மாத்திச் சொல்ல, இவள் எனக்குத் தமிழிலை சொன்னாள்: எங்கடை முறையிலை ஆம்பிளை கலியாணம் முடிச்சுப் பெம்பிளையின்ரை தாய் இருக்கிற இடத்துக்குப் போவான், மாமியாரோடை ஒரே வளவிலை இருப்பான், மாமியாற்றை வளவிலை இருக்கிற வீட்டுக்கு அவன் என்னண்டு கையெழுத்து வைக்கிறது, வெக்கமில்லையே எண்டு.

எனக்கு வந்ததே ஒரு சந்தோசம்! எழும்பிக் கத்திப்போட்டன். எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான், வீடு பெம்பிளைக்குத்தான், மாப்பிளை பெட்டியோடை வாறவர் எண்டு. ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலை ஒரு காட்டுக்கை எங்கடை ஆக்கள் மாதிரி ஆக்கள்! அந்தச் சந்தோசத்திலை வாய் நிக்கேல்லை. என்ரை கட்டில் விரிக்கிற பிரெஞ்சிலையும் கைப்பாசையிலையும் சீதனத்தை விளங்கப்படுத்தத் தொடங்கினன்.

ஓம். சீதனம்.

தலையிலை கை வைக்காதேங்கோ மடம். எனக்கு அந்த நேரம் நல்லதாத்தான் தெரிஞ்சுது. பெம்பிளை பிறந்த உடனையே வீட்டுக்கு யோசிக்க வேணும் எண்டு சொன்னன். வீடு இருந்தாத்தான் நல்ல மாப்பிளை வரும் எண்டு சொன்னன். மாப்பிளையின்ரை படிப்புக்கு ஏத்த மாதிரி வீடும் பெரிசாகும் எண்டும் சொன்னன். டொக்டர் எண்டா மாடி. கஜந்தினி மேசைக்குக் கீழாலை என்ரை காலை மிதிச்சுக்கொண்டே இருந்தாள், நான் பூனை எண்டு நினைச்சன். எங்களிட்டைப் பூனையே இல்லை.

அடுத்த கிழமை என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். இருபத்துநாலு வீடும் வேண்டாம் எண்டு ஊர் சொல்லிப்போட்டுது. வரிசை வேண்டாமாம். ஒவ்வொரு தாயைச் சுத்தியும் அவவின்ரை பெட்டையளின்ரை வீடு வர வேணுமாம். கலியாணம் முடிக்காத பெட்டைக்கும் இடம் விட வேணுமாம், தவழுற பெட்டைக்கும் விட வேணுமாம். ஒரு வயித்துப்பிள்ளைக்காறி தனக்குப் பெட்டைதான் எண்டு சொல்லி ஒரு இடம் கேட்டவவாம். ஒரு கிழவர் எழும்பி, மனுசி என்னைக் கலைச்சா நான் எங்கை படுக்கிறது எண்டு கேட்டாராம். இளம் பெடியங்கள் அதுக்கும் மேலை. ஒருத்தன் தன்ரை மாமியாரிட்டை, வீடு சரி, கயென் பட்டினத்திலை இருக்கிற ஆக்கள் மாதிரி மோட்டர் வள்ளமும் தருவியளோ எண்டு கேட்டானாம். பகிடிக்குத்தான். ஆனா மாமியார் அகப்பையை எடுத்திட்டாவாம்.

நான் பயந்து போனன் மடம். எங்கடை சனியனை நான் கப்பலேத்தி அனுப்பிப்போட்டன் எண்டு ரண்டு இரவு நித்திரையில்லை. நாளைக்கு அந்த ஊரிலை ஒரு பெட்டை, வீடு சின்னன் எண்டு கலியாணம் நிண்டு இருந்தால் ஆற்றை பாவம்? எங்கடை குமரியள் காத்திருந்த மாதிரி. பிள்ளையிட்டை அழுது மண்டாடி ரோசாலியோடை திரும்பக் கதைச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் சொன்னதை விடுங்கோ எண்டு.

அவ என்ன சொன்னா தெரியுமே? நீங்கள் சொன்னது எங்களுக்கு அப்பவே விளங்கினது, நாங்கள் அதைக் கேட்டுப் பகிடி பண்ணிச் சிரிச்சனாங்கள், எங்களுக்கு அது வேண்டாம் எண்டா. எங்கடை பெடியன் வீட்டுக்காக வாறேல்லை, பெட்டை அங்கை இருக்கிறாள் எண்டு வாறவன் எண்டா. தாயைச் சுத்தி வீடு எண்டது நாங்கள் முந்தியே நினைச்சது, ஆரும் கேட்கேல்லை எண்டதாலை சொல்லேல்லை எண்டா. பேந்து என்னைப் பாத்துக் கேட்டா: நீங்கள் வீடு குடுத்தோ மாப்பிளை எடுக்கிறியள்? ஏன், உங்கடை பிள்ளைக்கு என்ன குறை?

ஒரு குறையும் இல்லை எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல? இவளுக்கு முப்பத்தொண்டு. வந்த சம்பந்தம் எல்லாம் வீடு எங்கை, பொண்டியிலையோ ஸ்தேனிலையோ, தனி வீடோ மாடி வீடோ எண்டு கேட்டு, நாங்கள் அஷ்லெமிலை எண்டு சொல்ல, போன் வைச்சதுதான்.

அந்தப் பெடியன் அலெக்சிசும் சும்மா இருக்கேல்லை. அப்ப மடம், உங்கடை மகளோடை என்ன குடுப்பியள் எண்டு கேட்டான். எல்லாரும் சிரிச்சினம், நானும் சிரிச்சன். ஒரு றைஸ் குக்கர் குடுப்பன் எண்டன். இவள் மட்டும் சிரிக்கேல்லை, கொம்பியூட்டரை மூடிப்போட்டாள்.

ஓம், தெரியும், உங்களுக்குச் செலவு. வரிசையா இருந்தால் தண்ணிக் குழாய் ஒரே நேரா ஓடும், வட்டம் வட்டமா இருந்தால் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போக வேணும். பேர் விசயத்திலை உறுதி எழுதுற நொத்தேரும் தலையைச் சொறியிறார். எல்லாம் அவள் சொன்னவள். ஆனா மூண்டு தரம் திருப்பிக் கீறினாளே மடம்? நத்தாருக்கும் இருந்து கீறினாள். இப்ப ஊர் முழுக்க ஓம் எண்டிட்டுது, இல்லையே? முந்தி வாய் திறக்காத சனம் இப்ப வாய் மூடாதாம். பிறகு ஏன் அவளை எடுக்கிறியள்?

கீறின படத்திலை குறை இல்லையோ? பின்னை?

தூரமோ? அவள் அந்த ஊர் ஆக்களோடை தூரம் வைக்கிறாள் இல்லையோ? அவையின்ரை பக்கம் நிண்டு கதைக்கிறாளோ? மடம், ஏழாயிரம் கிலோமீற்றர் இருக்கு. உங்களுக்கு இன்னும் எவ்வளவு தூரம் வேணும்?

சரி சரி, நீங்கள் சொல்லுற தூரம் வேறை, விளங்குது.

இன்னொரு வடை போடட்டே? ஓம் எண்டு சொல்லுங்கோ, எனக்குக் கை சும்மா இருந்தா அந்தரமாக் கிடக்கு.

நீங்கள் நினைப்பியள், இந்தப் பயந்தாங்கொள்ளி மனுசிக்கு மகள் இஞ்சையே இருந்தால் சந்தோசம் தானே, ஏன் வந்து மண்டாடுது எண்டு. கட்டுற ரண்டு வரியமும் அவள் அங்கைதான் இருக்க வேணும், எனக்குத் தெரியும். வள்ளம், பாம்பு, நுளம்பு, எல்லாம் தெரியும். நீங்கள் நாளைக்கு எடுத்தியள் எண்டா அவள் எபினேயிலை எனக்குப் பக்கத்திலை இருப்பாள். போன கிழமை வரைக்கும் அம்மாளாச்சியிட்டை நான் அதைத்தான் கேட்டனான். நேர்த்தியும் வைச்சனான்.

ஆனா மடம், என்ரை மனுசன் இருக்கிறாரே. ஊரிலை அவர் கடலுக்குப் போனவர். காத்தை மோந்து பாத்து மழை எத்தினை மணிக்கு எண்டு சொல்லுவார், வாய் ஓயாமல் கதைப்பார், நாலு பேரைச் சிரிக்க வைச்சுப்போட்டுத்தான் வலையைத் தொடுவார். இஞ்சை வந்து முப்பது வரியம் ஒரு ரெஸ்ரோறன்ரின்ரை நிலவறையிலை கோப்பை கழுவினார். வெளிச்சம் இல்லாத இடம். ஆரும் கொடுமை செய்யேல்லை, சம்பளம் குடுத்தினம், பாப்பியே, இஞ்சை இருக்கிறதுக்குக் கடுதாசி, அதுவும் குடுத்தினம். ஆனா கதை நிண்டு போச்சு. நாலு வசனம் எண்டு சொன்னன் அல்லே? சில நாளிலை அதுவும் இல்லை. தன்ரை இடத்தை விட்டு வந்த ஆம்பிளை என்ன மாதிரி ஆகிறான் எண்டதை நான் பக்கத்திலை படுத்துப் பாத்தனான். இன்னொருத்தனை அப்பிடிப் பாக்க என்னாலை ஏலாது.

ஆர் இன்னொருத்தனோ? அலெக்சிஸ்தான்.

அவன் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுத்தவன். எனக்கு விளங்க வேணும் எண்டு ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொன்னான். மாமி எண்டு கூப்பிட்டான் மடம், ஆர் பழக்கினதோ. கஜந்தினியை வேலையிலை இருந்து எடுத்தால் அவள் இஞ்சை வரேலாது, அப்ப நான் அங்கை வாறன், பெட்டி கட்டிப்போட்டன், சனிக்கிழமைப் பிளேன் எண்டான். எங்கை வந்து இருப்பாய் எண்டு கேட்டன். வேறை எங்கை, உங்களோடைதான், அதுதானே முறை எண்டான். இந்தக் காலத்திலை எல்லாரும் அப்பிடிச் செய்யிறேல்லை எண்டு ரோசாலியே சொல்லுறா, அவன்ரை பெரியம்மாதானே அவ. ஆனா இவன் பிடிவாதமாம். என்ரை வளவு எண்டது ரண்டு அறை, அஞ்சாம் மாடி, லிப்ற்றும் பழுது. அந்த ஆத்திலை நிண்ட பிள்ளையைக் கொண்டு வந்து நான் எந்த மூலையிலை வைக்கிறது? வேலைக்கெண்டு எந்த நிலவறைக்கு அனுப்பிறது? அவள் அங்கை போகட்டும். ரோசாலிக்குச் சொல்லியிருக்கிறன், அந்த ரண்டு வரியத்துக்கும் தாய் நீங்கள்தான் எண்டு. ஓமெண்டிட்டா.

என்ன மடம், தேத்தண்ணிப் பேணியை வைச்சிட்டியள்?

எவ்வளவு காலமோ? எனக்கென்னண்டு தெரியும், முதல் தரம் போய் வந்ததிலை இருந்து எண்டுதான் நினைக்கிறன். அவள் உங்களுக்குச் சொல்லேல்லையோ? நீங்கள் தூரம் தூரம் எண்டு சொல்ல, தெரிஞ்சுதான் சொல்லுறியள் எண்டெல்லோ நான்...

ஐயோ.

சொன்னா அவள் சட்டப்படி இந்தத் திட்டத்திலை வேலை செய்யேலாதோ? வீடு வாங்கிற ஆக்களிலை அவனும் ஒருத்தன் எண்டா? அவன் வாங்கிறேல்லை மடம், அவன் பெடியன், அவன்ரை பேரிலை ஒரு வீடும் இல்லை, நீங்களே படத்தை எடுத்துப் பாருங்கோ. ஊரிலை வீடில்லாத ஒரே ஆள் அவன்தான்.

சிரிக்கிறியளோ, இருமுறியளோ? தண்ணி குடியுங்கோ. தம்பி, தண்ணி!

சரி. நான் ஒண்டும் சொல்லேல்லை, நீங்கள் ஒண்டும் கேட்கேல்லை. நாளைக்கு என்ன சொல்லப் போறியள் எண்டு இப்ப எனக்குச் சொல்லவும் வேண்டாம். அவளை எடுத்தியள் எண்டா மட்டும், கூட்டம் முடிஞ்ச உடனை போனிலை ஒரு மணி அடிச்சு விட்டால் போதும். முன்கடையிலை தடிச்ச கோட்டு ஒண்டு, பெரிய சைஸ், எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன், நாளைப் பின்னேரம் வரைக்கும்தான் வைப்பானாம். வாங்கிறதோ விடுறதோ எண்டு எனக்குத் தெரிய வேணும். அங்கை இப்ப முப்பது பாகை வெக்கையாம், பெடியன் சேட்டோடை வந்து இறங்கப் போறான்.